வெள்ளத்தில் நின்ற ஸ்ப்ளெண்டரும் என் முதல் கேம்ஷாஃப்ட்டும்

2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்த அன்று, சென்னை வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரம் முழுக்கக் கார்கள் வரிசைகட்டி நின்றன. அதற்கு முந்தைய டிசம்பரில் பட்டது எங்கள் பகுதியில் யாருக்கும் மறக்கவில்லை. நானும் மாமாவின் ஸ்ப்ளெண்டர் பைக்கை எடுத்துக்கொண்டு பாலத்தில் ஏறினேன். பக்கச் சுவரை ஒட்டி இரண்டாவது கியரில் மெதுவாகப் போகும்போது, சுவரில் மோதித் திரும்பிய இன்ஜின் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் கேட்டது. சிறு சுத்தியலால் தகரத்தைத் தட்டுவதுபோல டிக், டிக், டிக். திறந்த சாலையில் அது என் காதில் விழுந்ததே இல்லை. அன்றிலிருந்து, எந்த வண்டியையும் சோதிக்க வேண்டுமானால் முதலில் ஒரு சுவரோரமாக ஓட்டிப் பார்க்கிறேன்.

மாமா என்று நான் சொல்வது என் மனைவியின் அப்பாவை. பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். 2002இல் வாங்கிய வண்டி அது. எங்களோடு வந்து தங்கியபோது வண்டியையும் அதன் கணக்கு நோட்டையும் கொண்டுவந்தார். எந்தத் தேதியில் ஆயில் மாற்றினார், எத்தனை கிலோமீட்டரில் டைமிங் செயின் மாற்றினார் என்பதெல்லாம் அந்த நோட்டில் பென்சிலில் இருக்கும். 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறியது. மாமா அப்போது திருச்சியில் இருந்தார். வண்டி என் பொறுப்பில் இருந்தது. சீட் வரை மூழ்கி, தண்ணீர் வடிய நான்கு நாட்கள் ஆயின. பிறகு வீடு, சுவர், மின்சாரம் என்று அலைந்ததில் மூன்று வாரம் வண்டியை நான் தொடவே இல்லை. ஒரு பட்டறையில் கொடுத்து, ஆயிலை இறக்கிப் புது ஆயில் ஊற்றி வாங்கி வந்தேன். ஒரே ஒரு முறைதான். உள்ளே வேறு எதையும் திறந்து பார்க்கச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நோட்டிலும் எழுதவில்லை.

மேம்பாலத்தில் சத்தம் கேட்ட பிறகு தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் போனேன். டாப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் நெம்புக்கும் நடுவே இருக்க வேண்டிய சிறு இடைவெளி, கூடியிருக்கிறது என்று சொல்லி, பத்து நிமிடத்தில் சரிசெய்தார். சத்தம் நின்றது. பன்னிரண்டு நாளில் திரும்ப வந்தது. மறுபடி சரிசெய்தார், இந்த முறை எட்டு நாள் தாங்கியது. அவரே சொன்னார்: "தம்பி, டாப்பெட் இவ்வளவு சீக்கிரம் தானாகக் கூடாது. கீழே ஏதோ தேய்கிறது." இதை நான் முழுமனதோடு வழிமொழிகிறேன். டாப்பெட்டை வைத்த அளவு சில நாட்களில் மாறினால், இனி சரிசெய்வதற்கு அங்கே ஒன்றுமில்லை. வால்வுகளைத் திறக்கும் கேமோ ராக்கரோ கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதற்குமேல் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் இரும்புத் தூளை ஆயிலில் கலக்கிறது.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். நீளமான திருப்புளி ஒன்றை எடுத்து, முனையை இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டார். மேல் டாப்பெட் மூடி, கீழ் டாப்பெட் மூடி, பிறகு மேக்னட் பக்கம், கிளட்ச் பக்கம் என்று ஒவ்வொன்றாக நகர்த்தினார். கீழ் மூடியில் மட்டும் கண்ணை மூடினார். "மாப்பிள்ளை, சாவியை அணையுங்கள், மறுபடி உதையுங்கள், மறுபடி அணையுங்கள்" என்று ஐந்தாறு முறை செய்யச் சொன்னார். இன்ஜின் அடங்கும்போது கடைசிச் சில சுற்றுகள் மெதுவாக வரும் அல்லவா, அதைத்தான் அவர் எண்ணிக்கொண்டிருந்தார். சைலன்சரில் ஒரு துடிப்புக்கு ஒரே ஒரு டிக். கீழே, பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் பக்கத்துத் தட்டலாக இருந்தால் துடிப்புக்கு இரண்டு வந்திருக்கும் என்றார்.

அதன் காரணம் எளிமையானது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது, டைமிங் செயினால் அதோடு இணைந்த கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றும். அந்த ஒரு சுற்றில் உள்வால்வு ஒரு முறை, வெளிவால்வு ஒரு முறை திறக்கும். கேம் என்பது முட்டை வடிவ மேடுகள் கொண்ட ஒரு சிறு தண்டு. மேடு வந்து ராக்கர் என்ற நெம்பைத் தூக்க, அதன் மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு ஐம்பது முறை திறந்து மூடும். மேட்டின் நுனிக்கும் ராக்கரின் முகத்துக்கும் நடுவே இருப்பது ஆயிலின் மெல்லிய படலம் ஒன்றுதான். மேட்டின் மேல்தோல் மட்டுமே கடினமாக்கப்பட்டிருக்கும். அந்தத் தோல் போய்விட்டால் உள்ளிருக்கும் மென்மையான இரும்பு நாட்கணக்கில் கரையும்.

முழு ஹெட் வேலைக்கு வெளியே 5,500 ரூபாய் கேட்டார்கள். கேட்ட கூலி நியாயமானதுதான். ஆனால் என்ன கெட்டது, ஏன் கெட்டது என்று என் கண்ணால் பார்க்க வேண்டும் என்றிருந்தது. மாமாவுக்குக் கை நடுக்கம், நெடுநேரம் குந்த முடியாது. "நான் சொல்கிறேன், நீங்கள் செய்யுங்கள். ஆனால் நான் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிட வேண்டும்" என்றார். பொங்கல் விடுமுறையைக் குறித்துக்கொண்டோம்.

கருவிகள் பெரும்பாலும் மாமாவின் பெட்டியில் இருந்தன. ரிங் ஸ்பேனர்கள், டி ஸ்பேனர்கள், வெர்னியர், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் மட்டும் நண்பரிடம் கடன் வாங்கினேன். இதை இல்லாமல் சமாளிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். அலுமினிய ஹெட்டில் முதல்முறை கைவைப்பவர் அப்படிச் சமாளிக்கக் கூடாது என்பதே என் எண்ணம். அனுபவக் கைக்கு இறுக்கம் தெரியும். என் கைக்குத் தெரியாது.

ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை காலை பிரித்தோம். முதல் வேலையாக மேக்னட் மூடியைக் கழற்றி, சக்கரத்தை எதிர்க்கடிகாரத் திசையில் கையால் சுற்றி, டி என்ற எழுத்துக் குறியைக் கேஸிலுள்ள கோட்டுக்கு நேராக நிறுத்தினேன். இரண்டு டாப்பெட்டுகளும் தளர்வாக ஆடினால் பிஸ்டன் அழுத்தச் சுற்றின் உச்சியில் இருக்கிறது. ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். எல்லாவற்றையும் பிரித்த பிறகு தேடுவதைவிட, இந்த நிலையில் நிறுத்திவிட்டுப் பிரிப்பது நூறு மடங்கு நிம்மதி. அதன்பின் ஆயிலை இறக்கி, சைலன்சர், கார்புரேட்டர், பிளக் என்று வரிசையாகக் கழற்றினோம். கழற்றும் ஒவ்வொன்றையும் முதலில் கைபேசியில் படம் எடுத்தேன். இனிப்புப் பெட்டியின் அட்டை மூடியில் ஹெட்டின் வடிவத்தை வரைந்து, எந்த இடத்து நட்டோ அந்த இடத்தில் துளைபோட்டுச் செருகி வைத்தேன். இந்த இன்ஜினில் ஆயில், ஹெட்டைப் பிடித்திருக்கும் நீண்ட மரைக்கம்பியான ஸ்டட் ஒன்றின் துளை வழியாகத்தான் மேலே ஏறுகிறது. அந்த இடத்து வாஷரும் நட்டும் மற்றவற்றோடு மாறிப்போனால் அங்கே ஆயில் கசியும். அட்டை அதைக் காப்பாற்றிக்கொடுத்தது.

ஹெட்டின் நான்கு பெரிய நட்டுகளையும் குறுக்குமறுக்காகத் தளர்த்திவிட்டு இழுத்தால் ஹெட் வரவில்லை. நான் மரச் சுத்தியலைத் தேடினேன். "நிறுத்துங்கள்" என்றார் மாமா. பிறகு ஒன்றும் சொல்லவில்லை. டார்ச்சை என் கையில் கொடுத்தார். பக்கவாட்டில், அழுக்கு அப்பியிருந்த இடத்தில், ஒரு சிறிய போல்ட் ஒளிந்திருந்தது. அதோடு அடித்திருந்தால் ஹெட்டின் விளிம்பு உடைந்திருக்கும். வராத பொருளை அடிப்பதற்கு முன் அதைச் சுற்றி ஒரு முறை டார்ச் அடித்துப் பார்ப்பது அன்றிலிருந்து என் வழக்கமாகிவிட்டது. ஹெட்டை எடுக்கும்போது டைமிங் செயினை ஒரு கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன். இல்லாவிட்டால் அது உள்ளே விழுந்து, மீட்பது ஒரு தனி வேலையாகும்.

ஹெட்டை மேசைமேல் வைத்து, ராக்கர் தண்டுகளின் முனையிலுள்ள மரையில் ஒரு போல்டைத் திருகி இழுத்து எடுத்தோம். பிறகு கேம்ஷாஃப்ட் தன் பேரிங்கோடு வழுக்கி வெளியே வந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும் பொருள் அது. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினேன். உள்வால்வு மேடு ஓரளவு வழவழப்பாகவே இருந்தது, நுனியில் மட்டும் மங்கல். வெளிவால்வு மேட்டின் நுனியோ நகத்தை வைத்தால் இடறியது. அம்மை வடுப்போலச் சிறு குழிகள், அவற்றைச் சுற்றி நீளவாக்கில் கீறல்கள், கூர்மையாக இருக்க வேண்டிய நுனி தட்டையாக அகன்றிருந்தது. அதன்மேல் ஓடிய ராக்கரின் முகத்தில் அதே அகலத்துக்கு ஒரு பள்ளம். சில குழிகளின் அடியில் காப்பிப்பொடி நிறத்தில் ஏதோ இருந்தது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "துரு" என்றார். அந்த ஒரு சொல்லில் மூன்று வாரமும் எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது.

கேம் கிடைத்துவிட்டது, புதியது வாங்கிப் போட்டால் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். மாமா விடவில்லை. "இருபது வருடம் தேயாதது ஒரே வருடத்தில் தேய்ந்திருக்கிறது. துரு ஆரம்பித்து வைத்தது. அதை இவ்வளவு வளர்த்தது வேறு ஏதோ" என்று கிளட்ச் பக்க மூடியையும் திறக்கச் சொன்னார். இந்த வண்டியில் காகித ஃபில்டர் கிடையாது. அடியில் ஒரு கம்பிவலைச் சல்லடையும், சுழற்சியால் அழுக்கை ஓரத்தில் ஒதுக்கும் ஒரு வட்டக் கிண்ணமும்தான். சல்லடையை வெளியே இழுத்தேன். வலையின் மூன்றில் இரண்டு பங்கு, பால்கோவாவைப் பூசியதுபோல வெளிர்பழுப்புக் களிம்பால் அடைபட்டிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்று மணல். தண்ணீரும் ஆயிலும் சேர்ந்து கடைந்தால் வருவது அந்தக் களிம்பு. மேலிருந்து புது ஆயிலை ஊற்றியதில் அது கரையவே இல்லை.

ஆயில் பம்ப் இந்தச் சல்லடை வழியாகத்தான் உறிஞ்ச வேண்டும். உறிஞ்சியது கீழ்ப்பாகங்களுக்குப் போனது போக, ஸ்டட் துளை வழியாக ஏறி ஹெட்டுக்கு வர வேண்டும். தெருக் குழாயில் அழுத்தம் குறைந்தால் முதலில் தண்ணீர் நின்றுபோவது கடைசி வீட்டில். கேம்ஷாஃப்ட் தான் அந்தக் கடைசி வீடு. இந்தச் சல்லடையைப் பார்க்காமல் புதுக் கேமை மாட்டியிருந்தால், அதுவும் அடுத்த மழைக்கு முன் கரைந்திருக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டி வைத்திருப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான். ஒரு முறை ஆயில் மாற்றுவது போதாது. முதலில் பிளக்கைக் கழற்றாமல் உதைக்கவே கூடாது, சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். பழைய ஆயிலை இறக்கி, சல்லடையைக் கழற்றிக் கழுவி, மலிவான ஆயில் ஊற்றிச் சில நிமிடம் ஓட்டி, சூட்டோடு இறக்கி, அது பால்விட்ட காப்பிபோல இல்லாமல் தெளிவாக வரும்வரை திரும்பச் செய்ய வேண்டும். இதையெல்லாம் தண்ணீர் வடிந்த அந்த வாரத்திலேயே செய்ய வேண்டும்.

மறுநாள் போகி. ஊரெல்லாம் புகையும் பறக்கும் சாம்பலுமாக இருந்தது. திறந்த சிலிண்டரின் வாயில் சுத்தமான வேட்டித் துணியை அடைத்து, மேலே பாலிதீன் பையைக் கட்டிவிட்டுக் கிளம்பினேன். பழைய கேமையும் ராக்கர்களையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினேன்.

அங்கிருந்து, பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் புதுப்பேட்டை நடக்கும் தூரம். ஆசைக்கு அங்கேயும் எட்டிப் பார்த்தேன். கழற்றிய வண்டிகளின் முழு ஹெட், கேமும் ராக்கரும் உள்ளேயே இருக்க, 900 ரூபாய் சொன்னார்கள். ஒருகணம் மனம் தடுமாறியது. ஆனால் யாருடைய வண்டியில், எந்த வெள்ளத்தில் நின்ற ஹெட் அது என்று யார் சொல்வார்கள்? மட்கார்டு, விளக்கு, ஹேண்டில்பார் போன்றவற்றுக்குப் புதுப்பேட்டையைப்போல ஓர் இடம் கிடையாது. இன்ஜினுக்குள் உரசித் தேயும் பொருளைப் பழையதாக வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. புது உதிரிபாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோட்டுக்கு நடந்தேன்.

கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "பழைய பீஸ் கொண்டுவந்தீர்களா, சார்?" என்பதுதான். துணியை அவிழ்த்து வைத்ததும் அவர் மாடல் பெயர்கூடக் கேட்கவில்லை. ஸ்ப்ளெண்டர் என்ற பெயரில் காலப்போக்கில் எத்தனையோ மாற்றங்கள் வந்திருக்கின்றன. பெயரைச் சொல்லி வாங்கினால் திரும்ப வர வேண்டியிருக்கும். கவுண்டரிலேயே பேரிங் அளவு, மேடுகளின் இடம், செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் உட்காரும் முகம் மூன்றையும் பழையதோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். பேரிங்கோடு வந்த கேம்ஷாஃப்ட், இரண்டு ராக்கர்கள், பேக்கிங் செட், செம்பு வாஷர்கள், மூன்று 900 மில்லி ஆயில் பாட்டில்கள் என எல்லாம் சேர்த்து 3,100 ரூபாய் ஆனது. பழைய ராக்கர் ஒன்று நன்றாகத்தானே இருக்கிறது என்று அதைத் தவிர்க்கப் பார்த்தேன். கடைக்காரரே தடுத்தார். தேய்ந்த ராக்கரின் முகத்துக்குக் கீழே புதுக் கேம் போட்டால் ராக்கர் தன் தேய்மானத்தைக் கேமுக்குக் கடத்தும். இரண்டையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும்.

மாலை வீட்டில் வெர்னியரால் அளந்தோம். புதியதோடு ஒப்பிட்டால் பழைய கேமின் வெளிவால்வு மேடு 0.52 மில்லிமீட்டர் உயரம் குறைந்திருந்தது, உள்வால்வு மேடு 0.10 குறைந்திருந்தது. அரை மில்லிமீட்டர் எனக்கு ஒன்றுமில்லாததுபோலத் தோன்றியது. மாமா, "வால்வே சில மில்லிமீட்டர்தான் திறக்கிறது, மாப்பிள்ளை" என்றார். ஏற்றத்தில் வண்டி திணறியதன் காரணமும் அப்போது விளங்கியது. எரிந்த புகை முழுதாக வெளியேறவில்லை.

பொங்கல் அன்று வண்டியைத் தொடவில்லை. மறுநாள் காலை வால்வுகளைச் சோதித்தோம். ஹெட்டைத் திருப்பிவைத்து, துவாரத்தில் பெட்ரோல் ஊற்றிப் பத்து நிமிடம் பார்த்ததில் ஒரு சொட்டும் கசியவில்லை. பேக்கிங் ஒட்டியிருந்த முகங்களை மரப்பட்டையால் சுரண்டினேன். அலுமினியத்தில் பிளேடு வைத்தால் கீறல் விழும். டைமிங் செயினை மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு மாமாவின் நோட்டு பதில் சொன்னது. 2022இல் மாற்றியிருந்தார். தொடவில்லை.

புதுக் கேமின் மீதிருந்த காப்பு எண்ணெயைத் துடைத்து, மேடுகளிலும் ராக்கர் முகங்களிலும் புது ஆயிலைத் தாராளமாகப் பூசிப் பொருத்தினோம். இந்தப் பூச்சு முக்கியம். முதல் சில நொடிகள் பம்பின் ஆயில் மேலே வந்து சேரும்வரை கேமுக்கு இதுதான் துணை. புது பேக்கிங் வைத்து, செயினை ஹெட்டின் வழியே இழுத்துக்கொண்டு, நான்கு நட்டுகளையும் குறுக்குவாக்கில் மூன்று தவணையாக, கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கினேன். ஒரு மூலையை முதலிலேயே முழுதாக இறுக்கிவிட்டால் ஹெட் சாய்ந்து உட்காரும். பெரிய நட்டுகளுக்குப் பிறகுதான் அந்தப் பக்கவாட்டுச் சிறு போல்ட்.

அடுத்தது ஸ்ப்ராக்கெட். இங்கேதான் எனக்கு வியர்த்தது. ஸ்ப்ராக்கெட்டைச் செயினுக்குள் கோத்து, கேமின் முகத்தில் வைத்து, முதல் போல்டை விரல்நுனியில் பிடித்துக்கொண்டு போனேன். ஆயில் பட்ட விரலிலிருந்து அது நழுவிச் செயின் போகும் குழிக்குள் விழுந்தது. ஒரு சின்ன டங் என்ற ஒலி, அவ்வளவுதான். நான் வண்டியைச் சாய்த்து ஆட்டப் போனேன். மாமா என் தோளைப் பிடித்துவிட்டார். இந்த இன்ஜினில் சிலிண்டர் ஏறக்குறையப் படுத்த நிலையில் இருக்கிறது. அதனால் விழுந்த பொருள் குழியின் தரையிலேயே கிடக்க வாய்ப்பு அதிகம். ஆட்டினால்தான் அது உருண்டு கிராங்க் பக்கம் போகும். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத் துண்டு ஒன்றைக் கம்பியில் கட்டிக்கொடுத்தார். நாற்பது நிமிடம் குப்புறப் படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு துழாவியபின் போல்ட் வந்தது. அந்தக் குழிக்குள் ஒரு துணியைத் திணித்துவிட்டு வேலை பார்த்திருந்தால் இந்த நாற்பது நிமிடமே இல்லை. துணியின் ஒரு முனை வெளியே தொங்க வேண்டும், மறந்துவிடாமல் இருக்க.

டைமிங் வைப்பது எப்படி என்று நான் பலமுறை படித்திருந்தேன். மேக்னட்டில் டி குறி கோட்டுக்கு நேராக, மேலே ஸ்ப்ராக்கெட்டின் வட்டக் குறி ஹெட்டிலுள்ள வெட்டுக்கு நேராக. இரண்டும் நேராக இருந்தன. போல்டுகளை இறுக்கினேன். முடிந்தது என்றேன். "கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டுச் சொல்லுங்கள்" என்றார் மாமா. சுற்றினேன். கீழே டி நேராக நின்றபோது மேலே வட்டம் வெட்டைத் தாண்டி நின்றது. செயினின் ஒரு பக்கம் தொய்வாக இருந்ததை நான் கவனிக்கவில்லை. செயினை விறைப்பாக வைக்கும் டென்ஷனர் அழுத்தியதும் தொய்வு இறங்கி, கேம் ஒரு பல் தள்ளிப்போனது வெளிப்பட்டது. ஒரு பல் என்றால் கிராங்கின் கணக்கில் இருபது பாகைக்கு மேல். வால்வு அவ்வளவு முன்னதாகவோ தாமதமாகவோ திறந்தால் வண்டி உதைத்தும் எடுக்காது, எடுத்தாலும் இழுக்காது. பிரித்து, மேக்னட்டை அசையவிடாமல் பிடித்து, இழுவைப் பக்கச் செயினை விறைப்பாக வைத்துக்கொண்டு மறுபடி கோத்தேன். இரண்டு சுற்று, பிறகு இன்னும் இரண்டு சுற்று. நேராக நின்றது. சுற்றும்போது எங்காவது கெட்டியாகத் தடுத்தால் வலிந்து சுற்றக் கூடாது. பிஸ்டனும் வால்வும் முட்டுகின்றன என்று பொருளாக இருக்கலாம்.

டாப்பெட்டை அன்று வைக்கவில்லை. இரவு முழுக்கக் குளிர்ந்த இன்ஜினில், விடிகாலையில் வைத்தோம். மெல்லிய தலைமுடி அளவு இடைவெளிதான் அது. ஃபீலர் தகட்டை நுழைத்து இழுக்கும்போது கை லேசான பிடிமானத்தை உணர வேண்டும், சிக்கி நிற்கக் கூடாது. எனக்கு அந்த உணர்வு பிடிபடப் பதினைந்து முயற்சி ஆனது. நட்டை இறுக்கும்போது திருகும் சேர்ந்து கொஞ்சம் திரும்பிவிடும், அதனால் இறுக்கிய பின் கட்டாயம் மறுபடி அளக்க வேண்டும். மாமா தன் நடுங்கும் விரலால் தகட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்து, தலையசைத்தார். கீழ் மூடியை மாட்டும்போது ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான புது ஓ ரிங் மரையில் சிக்கி அறுந்தது. பொங்கல் விடுமுறையில் கடைகள் மூடியிருந்தன. பழைய ஓ ரிங்கையே துடைத்துப் போட்டேன். பேக்கிங் செட்டில் வராத சின்னச் சில்லறைகளை இரண்டிரண்டாக வாங்கிவைத்துக்கொள்ளாமல் இன்ஜினைத் திறக்கக் கூடாது.

ஆயில் ஊற்றி, பிளக்கைக் கழற்றிவைத்து, சாவியைப் போடாமல் நாற்பது முறை உதைத்தேன். மேல் டாப்பெட் மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். ராக்கரின் முதுகில் ஆயில் பளபளத்து வழிந்தது. கடைசி வீட்டுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. பிளக்கை மாட்டி, சாவியைத் திருப்பி உதைத்தேன். மூன்றாவது உதையில் எடுத்தது. புதுக் கேமை ஆரம்பத்திலேயே மிகக் குறைந்த வேகத்தில் விடக் கூடாது, ஆயில் தெறித்துப் பரவ வேண்டும் என்று, ஆக்ஸிலேட்டரை லேசாக உயர்த்தி மூன்று நிமிடம் பிடித்தேன். மாமா திருப்புளியைக் காதில் வைத்து வழக்கம்போல ஒவ்வோர் இடமாகப் போனார். கீழ் மூடியில் நெடுநேரம் நின்றார். பிறகு திருப்புளியை என் கையில் கொடுத்தார். தையல் இயந்திரம் ஓடுவதுபோல மெல்லிய, சீரான ஒலி. தட்டல் இல்லை.

அன்றே ஐம்பது கிலோமீட்டருக்குள் முதல் ஆயிலை இறக்கிவிட்டோம். கேஸுக்குள் தங்கியிருந்த களிம்பும் பழைய இரும்புத் தூளும் அதில் வந்தன. தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்தபோது மீன் செதில்போல மினுக்கிற்று. அடுத்த ஆயிலை 500 கிலோமீட்டரில் மாற்றினோம், சல்லடையையும் மறுபடி கழற்றினோம். வலை சுத்தமாக இருந்தது. டாப்பெட் இடைவெளி வைத்த அளவிலேயே இருந்தது. வேலை சரியா என்று சொன்னது அந்த அளவுதான். முதல் நாள் சத்தம் நின்றதை வைத்து நான் மகிழ்ந்திருந்தால் பன்னிரண்டாம் நாள் ஏமாந்திருக்கலாம்.

கேம் வேலையை முதல்முறையாக வீட்டில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஒற்றைச் சிலிண்டர், ஒற்றைக் கேம், டைமிங் குறிகள் தெளிவாகத் தெரியும் வண்டி, உங்கள் மாடலின் சர்வீஸ் கையேடு, அலுவலகத்துக்கு வேறு வழியில் போகக்கூடிய ஒரு வாரம் இவை இருந்தால் தயங்காமல் செய்யலாம். நாளை காலை அதே வண்டியில்தான் வேலைக்குப் போக வேண்டும் என்றால் வேண்டாம். என் கையில் நடந்த தவறுகள் எல்லாமே அவசரத்தில் நடந்தவை. மேலும், "நிறுத்துங்கள்" என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. அவர் ஃபிட்டராக இருக்க வேண்டியதில்லை, பார்த்துக்கொண்டே இருந்தால் போதும்.

நோட்டை மாமா என்னிடம் கொடுத்து எழுதச் சொன்னார். 2023 டிசம்பர் வெள்ளத்தை முதலில் எழுதினேன், பிறகு கேம்ஷாஃப்ட். இன்று காலை வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கீழ் டாப்பெட் மூடியின் ஓரத்தில் ஒரு சொட்டு ஆயில் திரண்டு நிற்கிறது. அந்தப் பழைய ஓ ரிங்தான். ஜி.பி. ரோட்டில் புதியது இரண்டு வாங்கி வந்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாற்ற வேண்டும்.